காலேஜ் பிள்ளைங்க நம்ம வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவாங்க? ஒரு அம்மாவோட மூணு சந்தேகம்

கேள்வியை முதல்ல படிச்சிடறேன். கேரளாவுல பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையில இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. "எம் பொண்ணு தமிழ் மீடியத்துல ஏழாவது படிக்கிறா. காலேஜ் பிள்ளைங்களை ஊர்க் குடும்பங்களோட ஜோடி சேர்த்து விடறாங்களாம், சேர்றீங்களான்னு ஸ்கூல்ல கேட்டாங்க. ட்யூஷனுக்குத்தான் போயிட்டிருக்காளே, இது எதுக்கு? பொண்ணு இருக்கிற வீட்டுக்கு யாரோ ஒரு பையன் வந்து போறது சரியா வருமா? சின்னவன் மூணாவது படிக்கிறான், அவனையும் பார்த்துக்குவாங்களா?"

நடுவுல இருக்கிற கேள்விதான் அவசரமானது, அதை முதல்ல சொல்லிடறனுங்க. பையன் வர வேண்டாம். "பொண்ணு வந்தா மட்டும் சேர்க்கறேன்"னு தைரியமாச் சொல்லுங்க அக்கா. அதுக்கு அவங்க முகம் சுளிச்சாங்கன்னா அந்தத் திட்டமே நமக்கு வேண்டாம். பொண்ணே வந்தாலும் திண்ணையிலதான் உட்காரணும், இல்லைன்னா ஆசாரத்துல, அதாவது முன் ஹால்ல. நீங்களோ பாட்டியோ வீட்டுல இருக்கணும். ராத்திரியில குழந்தையோட தனியா வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறது, இதெல்லாம் கூடாதுன்னு காலேஜ்காரங்க எழுதிக் கொடுக்கணும். பொறுப்பா இருக்கிற டீச்சரோட நம்பர் உங்க போன்ல இருக்கணும். 1098 குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், அதைக் குழந்தைக்கே மனப்பாடம் பண்ண வெச்சிடுங்க. உங்க சின்னவனுக்கும் இதேதான். குழந்தைகளைப் பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்தறதுக்கு 2012-ல வந்த போக்ஸோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இருக்குது. நாமதான் பொண்ணைப் பத்தி மட்டும் கவலைப்படறோம்.

வர்ற பொண்ணும் ஒரு வீட்டுப் பொண்ணுங்க. இருட்டறதுக்குள்ள பஸ் ஏத்தி விட்டுடுங்க. அப்புறம், விருந்து வைக்காதீங்க. நம்ம பக்கம் யாராவது வந்தா அடை சுடாம விட மாட்டோம். வாரா வாரம் சுட்டா நாலாவது வாரம் "இன்னைக்கு வர வேண்டாம்மா"ன்னு சொல்லத் தோணிடும். ஒரு டீ போதும்.

சரி, ட்யூஷன் இருக்கே, இது எதுக்குன்னு கேட்டீங்க. பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா 'இல்லம் தேடிக் கல்வி' கேள்விப்பட்டிருப்பீங்க. 2021-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்சது. அதுல ஒரு தன்னார்வலர் சாயங்காலம் தெருப் பிள்ளைங்களைச் சேர்த்து உட்கார வெச்சு விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தந்தாங்க. அது நல்ல வேலை, ஆனா அது பாடம். நீங்க கேக்கறது வேற. இது ஒரு குழந்தைக்கு ஒரு ஆள், அந்த ஆள் குடும்பத்துக்கும் பழக்கமாகணும். இஸ்ரேல்ல பெராக்னு ஒரு திட்டம், 1970-கள்ல இருந்து நடக்குது. காலேஜ் மாணவர் வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு குழந்தையைப் பார்க்கணும், பதிலுக்குப் படிப்புச் செலவுல ஒரு பங்கு உதவித்தொகையா வந்துடும். அதைப் பார்த்துட்டு 1997-ல ஸ்வீடன்ல மால்மோங்கிற ஊர்ல ஆரம்பிச்சாங்க, 8-லிருந்து 12 வயசுக் குழந்தைகளுக்கு. அங்கே குடிவந்த குடும்பங்கள் நிறைய. வீட்டுல ஒரு பாஷை, ஆபீஸ்ல ஒரு பாஷை.

நமக்கும் அதே கதைதானுங்களே! வீடு கேரளாவுல, ரேஷன் கேரளாவுல, சந்தைக்குப் பொள்ளாச்சி, கல்யாணம் காட்சின்னா கோயமுத்தூர். பிள்ளை படிக்கிறது தமிழ்ல, வீட்டுக்கு வர்ற காகிதம் மலையாளத்துல. வடகரப்பதிப் பக்கம் ஒரு வீட்டுல நான் கூட இருந்து பார்த்தேன். சித்தூர் காலேஜ்ல தமிழ் படிக்கிற ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. அந்தம்மா தொழிலுறப்பு வேலை, அதான் நூறு நாள் வேலை, முடிஞ்சு அப்பத்தான் வந்து கை கால் கழுவிட்டு, ஃப்ரிட்ஜ் மேல இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மெதுவா நீட்டறாங்க. உள்ள ஸ்கூல்ல இருந்து வந்த நோட்டீஸ் அத்தனையும் மடிச்சு மடிச்சு இருக்குது. அந்தப் பொண்ணு தரையில பரப்பி, இது முடிஞ்சு போச்சு, இது ஏழாவது பிள்ளைங்க எழுதற யு.எஸ்.எஸ். உதவித்தொகைப் பரீட்சைக்கு, இதுக்கு வருமானச் சான்றிதழ் வேணும், அக்ஷயா இ-சேவை மையத்துல கொடுத்துடலாம்னு மூணு கட்டாப் பிரிச்சு வெச்சுச்சு. அந்தம்மா ஒண்ணொண்ணா எடுத்துக் கேட்டாங்க, இது என்ன, அது என்னன்னு. பாடப் புஸ்தகத்தை அன்னைக்கு யாரும் தொடவே இல்லை. குழந்தை மட்டும் அம்மா கேள்வி கேக்கறதையே பார்த்துட்டிருந்துச்சு. ட்யூஷன் சென்டர்ல இது நடக்குமாங்க? அந்தக் காலேஜ் பொண்ணும் தமிழ் மீடியத்துல படிச்சு, ப்ளஸ் ஒன் சேர்றதுக்கு ஏகஜாலகம்னு சொல்ற ஒற்றைச் சாளர அட்மிஷன்ல அலைஞ்சு வந்ததுதான். எந்தக் கவுண்டர்ல எந்தக் காகிதம் கேப்பாங்கன்னு அதுக்குத் தெரியும்.

ஆனா ஒண்ணு. இங்கதான் நான் கொஞ்சம் கறாராப் பேசுவேன். பாதியில விட்டுட்டுப் போறதா இருந்தா ஆரம்பிக்கவே வேண்டாம். அமெரிக்காவுல ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ்னு ரெண்டு பேர் 2002-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல தொடர்ந்த ஜோடிகள்லதான் குழந்தைகளுக்கு நல்ல பலன் இருந்துச்சு. மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சு போன ஜோடிகள்ல, குழந்தைகளுக்குத் தன்மேல இருந்த மதிப்பே குறைஞ்சு போச்சு. "என்னைப் பிடிக்காமத்தான் அந்த அக்கா வரலையோ"ன்னு குழந்தை நினைச்சுக்கும். வாயைத் திறந்து சொல்லாது.

அதனால நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, பொண்ணு நல்லாச் சொல்லிக் கொடுக்குமாங்கறது இல்லை. எந்த வருஷம் படிக்குதுன்னு கேளுங்க. கடைசி வருஷம்னா வேண்டாம், மார்ச் ஆச்சுன்னா பறந்துடும். ஹாஸ்டல் பொண்ணுன்னா லீவுல வராது, அதை முன்னாடியே குழந்தைகிட்டச் சொல்லிடணும். செமஸ்டர் பரீட்சை நேரத்துலயும் அப்படித்தான்: எந்த வாரம் வர மாட்டேன், திரும்ப எப்ப வருவேன்னு காலண்டர்ல குழந்தையையே வட்டம் போட வைக்கணும். காலேஜ்ல என்.எஸ்.எஸ்.னு இருக்கிற நாட்டு நலப்பணித் திட்டத்துல ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவைக் கணக்குக் காட்டணும். அந்த மணியை நிரப்பறதுக்குன்னே வர்றவங்களும் உண்டுங்க. முதல் நாளே தெரிஞ்சிடும், குழந்தை பேர் கேக்கறதுக்கு முன்னாடி கையெழுத்து எங்க வாங்கணும்னு கேப்பாங்க.

காசு யாராவது கேட்டா அப்பவே நிறுத்திடுங்க. இது இலவசமாத்தான் இருக்கணும்.

சின்னவன் விஷயம். இல்லைங்க, ஒரே ஆளை ரெண்டு பேருக்குப் பங்கு போட வேண்டாம். அந்தப் பொண்ணு வந்திருக்கிற நேரத்துல பாதியை அவன் பிடுங்கிக்குவான், அக்காக்காரி வாயைத் திறக்காம ஓரமா உட்கார்ந்திருப்பா. அவனுக்கு இப்போதைக்கு குடும்பஸ்ரீ நடத்தற குழந்தைங்க குழுவான பாலசபை இருக்குதான்னு உங்க அயல்கூட்டத்துல, அதான் பெண்கள் சுயஉதவிக் குழுவுல, கேட்டுப் பாருங்க. அடுத்த வருஷம் நாலாவது போறான், நாலாவதுக்கான எல்.எஸ்.எஸ். உதவித்தொகைப் பரீட்சையும் வருது. அவனுக்குத் தனியா ஒரு ஆள் வேணும்னு ஜூன்ல ஸ்கூல் திறந்ததுமே எழுதிக் கொடுத்துடுங்க.