தோற்கிற அணிக்கு யார் வேண்டும்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் கால்பந்துக்காரனைத் தேடி வருவது கொஞ்சம் அபூர்வம்தான். கிரிக்கெட் ஆடுகிற சின்னப்பம்பட்டி நடராஜனைத் தெரியாத வீடு கிடையாது. பெரியவடகம்பட்டியிலிருந்து புறப்பட்டுப் போய் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பனையும் ஊருக்கே தெரியும். எங்கள் ஆட்டத்துக்கு அந்த வெளிச்சம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் அழைத்திருக்கிறார்கள், நன்றி. உடற்கல்வி ஆசிரியராக இருந்து, பிறகு உள்ளூர் கிளப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டுப் போகிறேன்.

லீக் ஆட்டத்தில் ஒரு அணி வரிசையாக நாலு மேட்ச் தோற்றுவிட்டது என்று வையுங்கள். அன்று சாயங்காலமே கிளப் செயலாளர் வந்து நிற்பார். "மாஸ்டர், நல்ல ஃபார்வர்டு ஒருத்தன் கிடைச்சா போதும் மாஸ்டர், மத்ததெல்லாம் நம்ம பசங்க பாத்துக்குவாங்க." இதை ஐந்து ரோட்டுப் பக்கமும் கேட்டிருக்கிறேன், அம்மாபேட்டையிலும் கேட்டிருக்கிறேன். டிவியில் பெரிய பெரிய கிளப்புகளின் ரசிகர்கள் கேட்பதும் இதைத்தான். தோற்கிற அணிக்குக் கடைசியாகச் சேர்க்க வேண்டிய ஆள்தான் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிறவன், என்பது என் கட்சி.

இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐஎஸ்எல்லில், ஆடுகிற நம்ம ‘சென்னையின் எஃப்சி’ கிளப் கதையையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். சொந்த ஊரில் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வென்று இரண்டாவது முறையாக ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தார்கள். அடுத்த சீசனில் அதே அணிக்குக் கடைசி இடம். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. பயிற்சியாளர் அதே ஜான் கிரிகரி. ஆட்டக்காரர்களிலும் பாதிக்கு மேல் பழைய முகம்தான். முந்தின சீசனில் 9 கோல் அடித்த ஃபார்வர்டு ஜெஜேவுக்கு ஒரே ஒரு கோல்தான் வந்தது. ஊரே ஜெஜேயைத் திட்டியது.

நான் திட்டவில்லை. நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நம்ம தனபால் கணேஷ் முழங்கால் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற போர்ச்சுகீசியர் செரேனோ கிளப்பை விட்டே போய்விட்டார். பறிக்கிற ஆள் இல்லை, பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிற ஆள் இல்லை. முன்னால் நிற்பவன் பந்து வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கண்ணி அறுந்த கொலுசுக்கு இன்னும் நாலு சலங்கை கோத்துக் கொடுத்தால் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர் சிரிப்பார். கால்பந்தில் அதைத்தான் வருஷா வருஷம் செய்கிறோம்.

அதற்கு அடுத்த சீசன் இன்னும் சுவாரசியமானது. 2019-ல் லிதுவேனியா நாட்டுக்காரரான வால்ஸ்கிஸ் என்ற ஃபார்வர்டைக் கொண்டுவந்தார்கள். முதல் நாலு ஆட்டத்தில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. கிரிகரி விலகினார், ஓவன் காய்ல் வந்தார். அவர் வந்த பிறகு என்ன மாறியது என்று பார்த்தால், கிரிவெல்லாரோ என்ற பிரேசில்காரர் கால் வழியாகப் பந்து முன்னால் போகத் தொடங்கியது. பின்வரிசை பயந்து பின்வாங்காமல் மேலே ஏறி நின்றது. அவ்வளவுதான். நாலாம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொரோனாவால் ஆளே இல்லாத மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது வேறு விஷயம். நாலு ஆட்டம் கோல் இல்லாமல் நின்ற அதே வால்ஸ்கிஸ், சீசன் முடியும்போது 15 கோலோடு, அதிகக் கோல் அடித்தவருக்குக் கொடுக்கிற தங்கக் காலணி வாங்கினார். ஆள் மாறவில்லை, அவருக்குப் பந்து வந்த வழி மாறியது.

அடுத்த வருஷம் காய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். கிரிவெல்லாரோ பாதியில் அடிபட்டார். 20 ஆட்டத்தில் 11 டிரா! தோற்கவும் மாட்டோம், ஜெயிக்கவும் மாட்டோம் என்று ஒரு சீசன். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

இங்கிலாந்திலும் இதே கூத்துதான். க்யூபிஆர் என்று லண்டன் கிளப் ஒன்று. 2012-13 சீசனில் கடைசி வரிசையில் தவித்தபோது, ஜனவரியில் பணத்தைக் கொட்டி ரெமி, சாம்பா என்று பெரிய பெயர்களாக வாங்கினார்கள். முடிவு, 25 புள்ளியோடு கடைசி இடம், கீழ் டிவிஷன். லெஸ்டர் சிட்டி கதை நேர்மாறு. 2014-15-ல் 29 ஆட்டம் முடிந்தபோது அவர்களிடம் 19 புள்ளிதான். கடைசி 9 ஆட்டத்தில் 7-ஐ ஜெயித்துத் தப்பித்தார்கள். அந்தக் கோடையில் பிரான்சின் கான் கிளப்பிலிருந்து ஒரு குள்ளமான நடுக்கள ஆட்டக்காரரை அழைத்து வந்தார்கள். பெயர் காண்டே. அப்போது அங்கே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. வேலை என்னவென்றால் எதிரி காலிலிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பது. 2016 மே மாதம் லெஸ்டர் சாம்பியன். காண்டே செல்சிக்குப் போனார்; அடுத்த வருஷம் செல்சி சாம்பியன், லெஸ்டர் 12-வது இடம். கோல் அடித்த வார்டியும் மாரெஸும் லெஸ்டரில்தான் இருந்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி, நம்ம ஊர்ப் பேச்சுக்கு வருவோம். நம்மிடம் கோடியும் இல்லை, ஐரோப்பாவுக்கு ஆள் பார்க்கப் போகிற ஸ்கவுட்டும் இல்லை. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்க முடியும். எதிரணியிடம் வாங்கிய ஒவ்வொரு கோலையும் அதில் எழுதுங்கள். யார் அடித்தான் என்பதை எழுத வேண்டாம். அந்தப் பந்து நம் காலிலிருந்து எங்கே பறிபோனது, அதற்கு முன்னால் யார் யாருக்குப் பாஸ் கொடுத்தான், அந்த நேரம் யார் எங்கே நின்றான், அதை எழுதுங்கள். இப்போது யாராவது ஒரு பையன் போனில் மேட்சைப் படம் பிடித்துவிடுகிறான். கோலுக்கு முன்னால் அரை நிமிஷம் பின்னால் தள்ளிப் பார்த்தால் போதும். நாலைந்து மேட்ச் எழுதிவிட்டால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் அது இடது பேக், அதாவது பின்வரிசையில் இடது பக்கம் தடுக்கிறவன் நிற்கிற இடமாக இருக்கும்.

ஏன் இடது பேக்? பத்துப் பையன்களில் ஓரிருவருக்குத்தான் இடதுகால் பழக்கம். அவனை எல்லோரும் விங்கில், அதாவது முன்னால் ஓரமாக, போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அவன் ஆட்டம் பார்க்க அழகு. பின்னால் இடது பக்கம் வலதுகால்காரன் நிற்பான். அவனை நெருக்கினால் கோட்டோரமாகப் பந்தைத் தள்ளத் தெரியாது; உள்ளே திரும்புவான், திரும்பிய இடத்தில் எதிரி நிற்பான். எதிரணி மாஸ்டர் கெட்டிக்காரராக இருந்தால் பத்தாவது நிமிஷத்திலேயே இதைப் பார்த்துவிடுவார். அப்புறம் ஆட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான். ஆகவே புதிதாக ஒருவனைச் சேர்ப்பதாக இருந்தால், சுமாராக ஆடினாலும் இடதுகால்காரன் ஒருவனைப் பிடித்துப் பின்னால் போடுங்கள். விங்கில் ஓட நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்தது பெஞ்ச். முன்பெல்லாம் மாற்று ஆட்டக்காரர் என்றால் இரண்டு பேர், மூன்று பேர். கொரோனா காலத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்று தற்காலிகமாகக் கொண்டுவந்த விதி 2022-லிருந்து நிரந்தரமாகிவிட்டது. பணக்கார அணி கடைசி அரை மணியில் பாதி அணியையே புதிதாக இறக்குகிறது. ஏழை அணியின் பெஞ்சில் யார் இருக்கிறார்கள்? செயலாளரின் மச்சான், அடிபட்ட ஒருவன், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்கிற சின்னப் பையன். சேலத்து ஏப்ரல் வெயிலில், காய்ந்து இறுகிய தரையில் எழுபது நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் கால் வராது. உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள், வாங்கிய கோலில் எத்தனை கடைசி இருபது நிமிஷத்தில் என்று. அதை ஃபார்வர்டு வந்து தடுக்க முடியுமா?

இன்னொன்று, நம் ஆட்களின் பிழைப்பு. நம்ம அணியில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவன் இருப்பான், தறியில் ஷிப்ட் பார்க்கிறவன் இருப்பான், பிளஸ் டூ படிக்கிறவன் இருப்பான். முகூர்த்த மாதத்துக்கு முன்னால் பட்டறையில் ஆர்டர் குவிந்தால் அந்தப் பையன் வர மாட்டான். மார்ச்சில் பரீட்சைக்காரனை வீட்டில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆடி மாரியம்மன் பண்டிகைக்கு யாருமே வர மாட்டார்கள், அதை விடுங்கள். இருபது பேரைப் பதிவு செய்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிற அணி, மேட்ச் அன்று காலையில் பன்னிரண்டு பேரைத் தேடிக்கொண்டு பைக்கில் அலைகிறது. அணி எடுக்கும்போதே யார் எந்த மாதம் இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பட்டறையில் மூன்று டிஃபென்டர்கள் வேலை பார்த்தால் அது ஆபத்து. சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

ஏற்காட்டுப் பையன்களைப் பற்றிக் கேட்பார்கள். "மலைக்காத்து குடிச்ச நுரையீரல் மாஸ்டர், ரெண்டு பேரக் கொண்டு வந்துட்டா தொண்ணூறு நிமிஷமும் ஓடுவானுங்க." ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றுக் குறைவு உடம்பைப் பெரிதாக மாற்றுகிற உயரம் அது இல்லை. ஃபிஃபா 2007-ல் உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டம் கூடாது என்று கிளம்பியபோதுகூட 2,500 மீட்டருக்கு மேலே என்றுதான் கோடு போட்டது. பொலிவியாக்காரர்கள் போட்ட சண்டையில் அதையும் அடுத்த வருஷம் கைவிட்டது. சேர்வராயன் மலைப் பையன் ஓடுகிறான் என்றால், எஸ்டேட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மேடும் பள்ளமுமாகச் சின்ன வயதிலிருந்து நடந்த கால் அது. அவன் வந்தால் நல்லதுதான். ஆனால் பயிற்சி முடிந்து இருட்டுகிற நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அவன் வீடு போய்ச் சேர வேண்டும். கடைசி பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல் அவனைக் கூட்டி வருகிறார்கள், ஒரு மாதத்தில் அவன் நின்றுவிடுகிறான், "மலைப் பசங்களுக்குப் பொறுப்பு இல்ல" என்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வரும்.

கெஸ்ட் பிளேயர் விஷயம் கொஞ்சம் மனக்கசப்பானது. டோர்னமென்ட்டுக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் காசு கொடுத்து இறக்குவார்கள். கோப்பை வரும், பேனர் வைப்பார்கள். வருஷம் முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து காந்தி ஸ்டேடியத்துக்கு வந்த பையன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டுவான். அடுத்த மாதம் அவன் வர மாட்டான். வெளியாள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் தெரிகிற ஓட்டைக்கு ஒருவன், அவனும் சீசன் முழுக்க இருக்கிறவனாக, நம் பையனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறவனாக இருந்தால் வரட்டும். நாற்பது வயதை நெருங்குகிற பழைய ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கிறவர், ஒருவர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன். ஓட மாட்டார். ஆனால் தொண்டை இருக்கும். "ஏறு, இறங்கு, ஆள் வருது" என்று அவர் கத்தினாலே பாதி கோல் குறையும். நம் பையன்கள் மைதானத்துக்கு வெளியே வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், உள்ளே போனால் வாயைத் திறப்பதில்லை.

கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியாக இருக்காது. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அத்தனையையும் ஒருவன் கையில் கொடுக்கிறோம். கொடுக்கிறது யாரிடம்? ஓட முடியாதவனிடம், அல்லது லேட்டாக வந்தவனிடம். தோற்கிற அணிகள் பலவற்றில் கீப்பருக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. மற்றவர்கள் ஷூட்டிங் பழக அவன் ஒரு பொருளாக நிற்கிறான். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் வாலிபால் நெட் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே போய் நில்லுங்கள். உயரத்தில் வருகிற பந்தைக் கண் சிமிட்டாமல் பார்க்கிற பையன், கீழே விழப் பயப்படாத பையன், தவறவிட்ட பாயின்ட்டுக்காகப் பக்கத்தில் இருப்பவனைத் திட்டாத பையன், அப்படி ஒருவன் எப்படியும் கண்ணில் படுவான். அவனிடம் கால்பந்து ஆடுகிறாயா என்று கேட்காதீர்கள், மாட்டேன் என்பான். இரண்டு கையுறை வாங்கிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லுங்கள். ஃபார்வர்டுக்கு வைத்திருக்கும் காசில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

வணக்கம்.