கடலை அமுக்கும் காற்று

அனைவருக்கும் வணக்கம்.

1992 ஆகஸ்டில் டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலுக்கு ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது. பின்னால் வந்த ஜேசன் வரிசையும் 2020இல் ஏவப்பட்ட சென்டினல்-6ம் அதே வேலையைத்தான் தொடர்ந்தன. உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்துவந்திருக்கிறது என்பது இவற்றின் கணக்கு.

அவ்வளவு உயரத்திலிருந்து மில்லிமீட்டரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடுவில் காற்று இருக்கிறதே!

அந்தக் காற்று முதலில் ரேடார் அலையைத் தாமதப்படுத்துகிறது. ஈரப்பதத்தின் பங்கைத் தள்ளிவிட்டாலும், கடல் சுமார் 2.3 மீட்டர் தள்ளி இருப்பதுபோல் தெரியும். காற்றழுத்தம் 1 மில்லிபார் (அழுத்தத்தின் அலகு) கூடினால் இது 2.3 மில்லிமீட்டர் கூடும். அழுத்தம் தெரிந்தால் கழித்துவிடலாம்.

அப்புறம், காற்று கடலையே அமுக்குகிறது. 1 மில்லிபார் கூடினால் தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தாழும், குறைந்தால் எழும். புயலின் மையத்தில் அழுத்தம் 953 மில்லிபார் என்றால், வழக்கமான 1013ஐவிட 60 குறைவு. கடல் அங்கே 60 சென்டிமீட்டர்வரை எழும்பப் பார்க்கும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். முன்னது அளவீட்டுப் பிழை. பின்னது நிஜம், தண்ணீர் உண்மையாகவே எழுந்து நிற்கிறது. அதையும் ஏன் கழிக்கிறோம்? நீரோட்டத்தையும் வெப்பத்தால் கடல் விரிவதையும் தேடும்போது, வானிலையின் ஏற்ற இறக்கம் அவற்றை மூடிவிடுகிறது.

எதிலிருந்து கழிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீர் அமுங்கிச் சுருங்காது. ஓரிடத்தில் தாழ்ந்தால் வேறிடத்தில் எழ வேண்டும். கடல் முழுவதன் மீதும் அழுத்தம் ஒரே அளவு கூடினால் மட்டம் அசையவே அசையாது. அதனால் 1013 என்ற நிலையான எண்ணைவிட, அந்த நேரத்தில் கடல்மேல் உள்ள சராசரி அழுத்தத்தோடு ஒப்பிடுவதே சரி.

அழுத்தம் வேகமாக மாறினால் கடலால் உடனே ஈடுகொடுக்க முடியாது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒரே பாதைக்குத் திரும்பும் செயற்கைக்கோள் அந்த வேகத்தைப் பிடிக்காது. ஆகவே சுமார் 20 நாளுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு, அழுத்தத்தோடு வீசும் காற்றின் விசையையும் சேர்த்துக் கணினி மாதிரியில் கணக்கிடுகிறார்கள்.

கரையில் நின்று கடல்மட்டத்தை அளக்கும் அலைமானியோடு ஒப்பிடும்போது, அழுத்தத்தால் கடல் எழுவதற்கும் தாழ்வதற்கும் செயற்கைக்கோள் அளவில் கழித்ததை அலைமானியின் அளவிலும் கழியுங்கள். புயலால் கரையில் நீர் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பவர்களோ, கழித்த சென்டிமீட்டர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.