ராயபுரம்: கூட்டம் கைவிட்ட ஸ்டேஷன்

வணக்கம் நேயர்களே. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அடுத்து வருவது ராயபுரம். பல வருடம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். தூண் வைத்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஏதோ பழைய கிடங்கு என்றே நினைத்திருந்தேன். இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது அதுதான் என்று பிறகு தெரிந்தபோது வெட்கமாகிவிட்டது.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது. ஆளுநரும் சுமார் 300 ஐரோப்பியர்களும் ஒரு வண்டியில் போனார்கள். இந்தியர்களுக்குத் தனி வண்டி, அதுவும் திருவள்ளூர் வரைக்கும்தான்! ஜூலை 1 முதல் எல்லோருக்கும் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது, சுமார் 100 கிலோமீட்டர்.

ஏன் ராயபுரம்? துறைமுகம் கட்டாத காலம். கப்பல் தள்ளி நிற்கும், சரக்கு மசூலாப் படகில் கரைக்கு வரும். கோட்டையும் வியாபாரிகள் குடியிருந்த கறுப்பர் நகரமும் பக்கத்திலேயே இருந்தன. ஊர்ப் பெயரும் படகுக்காரர்களின் இராயப்பர் கோயிலால் வந்ததுதான். புனித பேதுருவைத்தான் தமிழில் இராயப்பர் என்பார்கள்.

சரி, பம்பாயில் 1853 இலேயே, ஹவுராவில் 1854 இலேயே ரயில் ஓடியதே, அந்த ஸ்டேஷன்கள் எங்கே? கூட்டம் பெருகப் பெருக, பழையதை எடுத்துவிட்டுப் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள். பம்பாய் போரி பந்தரில் விக்டோரியா டெர்மினஸே எழுந்தது. ராயபுரத்துக்கு அந்த யோகம் இல்லை. 1873 இல் சென்ட்ரல் வந்தது. வெளியூர் வண்டிகள் மெல்ல அங்கே போயின. 1922 இல் ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகமும் சென்ட்ரல் பக்கம் குடிபோனது. ராயபுரத்தை இடித்துக் கட்ட யாருக்கும் அவசியமே வரவில்லை. அதனால்தான் பிழைத்தது என்பது என் கணிப்பு.

அப்புறம் நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததை 2005 இல் பழுதுபார்த்தார்கள். இப்போது அதை மறுபடி பெரிய முனையமாக்கச் சொல்லி வடசென்னைக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, வெளியூர் போக சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைகிறவர்கள் அவர்கள். ஆனால் கூட்டம் திரும்பி வந்தால் அந்தத் தூண்களின் கதி என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.