கால் நரம்புச் சுருட்டலும் முதிய வயதும்

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கும் எழுபத்தெட்டு வயது ஆயா ஒருவர், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் துணி ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் தம் இளமையைக் கழித்தவர், கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தார். நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்வது நரம்பில் வருவதல்ல; இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரை கெட்டு, வீங்கிச் சுருள்வது. அதனால் வந்த புண்தான் இது. "இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம், ஐயா" என்பதுதான் அவர் முதலில் சொன்னது.

அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. முன்பெல்லாம் முழு மயக்கம் கொடுத்து, கவட்டையில் கீறி, சிரையை உருவி எடுத்தோம். இன்று முழங்காலருகே ஓர் ஊசித்துளை போதும். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, சிரையைச் சுற்றி நீர்த்த மரப்பு மருந்தை நிரப்புகிறோம். அது வலியை மரக்கச் செய்வதோடு, பக்கத்துத் தசையைச் சூட்டிலிருந்தும் காக்கிறது. ரேடியோ அலை முறையில் குழாயின் நுனி 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ஏழு சென்டிமீட்டர் நீளத்தை இருபது விநாடியில் சுருங்கச் செய்கிறது. அடைபட்ட சிரையின் வேலையை ஆழத்திலுள்ள நல்ல சிரைகள் ஏற்றுக்கொள்ளும். லேசர் முறையும் ஏறக்குறைய இவ்வாறே.

கட்டுப் போட்டுக்கொண்டே காத்திருந்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், எல்லாருக்கும் அழுத்தக் கட்டு இருந்தும், சிரையை உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கோ அதற்கு 82 நாள் ஆயிற்று. அதோடு, மூட்டு வாதத்தால் விரல் மடங்காத கைகளால், ஜனவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில், இறுக்கக் காலுறையை ஏற்றிப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

வயதைவிட நான் முதலில் பார்ப்பது பாதத்தின் நாடியை. நீரிழிவாலோ புகையாலோ காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயான தமனி அடைபட்டிருந்தால், இறுக்கக் கட்டே காலைக் கெடுத்துவிடும். அங்கே தமனிக்குத்தான் முதல் வைத்தியம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், மருந்துப் பெட்டியையே எடுத்து வரட்டும்.

ஆயாவுக்குப் பாத நாடி நன்றாகவே இருந்தது. சிகிச்சை முடிந்ததும் மேசையிலிருந்து இறங்கி நடந்தவர், தைப்பூசக் காவடிக்குப் போகலாமா என்று கேட்டார். நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்க வேண்டாம், புண் மூடும்வரை தார்ச் சாலையில் வெறுங்காலோடு போகவே கூடாது என்றேன். முருகனிடம் தாமே சொல்லிக்கொள்வதாகக் கூறிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.