இரட்டை நீலச் சட்டைக்காரர்கள்

வணக்கம், நேயர்களே.

1958 பிப்ரவரி 19 அன்று மாலை. மான்செஸ்டர் ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானத்தின் வாசலில் அன்றைய கால்பந்து ஆட்டத்துக்கான சின்னப் புத்தகம் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால், ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியின் பதினொரு பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கான இடத்தில் ஒரு பெயரும் இல்லை. பதினொரு இடமும் வெறுமையாக இருக்கிறது. புத்தகம் அச்சுக்குப் போனபோது யார் ஆடப்போகிறார்கள் என்று கழகத்துக்கே தெரியாது. பதின்மூன்று நாள் முன்புதான் மியூனிக்கில், பனிச்சேறு மூடிய ஓடுபாதையில் அவர்கள் வந்த விமானம் நொறுங்கி 23 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 8 பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள்.

கழகத்தின் இரண்டாம் நிலை அணியான ரிசர்வ் அணிப் பையன்களை முதல் அணிக்கு ஏற்றினார்கள். சரி, ரிசர்வ் அணிக்கு யார் ஆடுவது? அந்த நேரத்தில் கைகொடுத்தவர்கள் ஒரு சுரங்கப் பகுதி ஊரின் அமெச்சூர் கழகத்திலிருந்து, அதாவது சம்பளமில்லாமல் ஆடுகிறவர்களின் கழகத்திலிருந்து, வந்த மூன்று பேர். அந்தக் கழகத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிஷப் ஆக்லாந்து கால்பந்துக் கழகம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில் இருக்கிற சிறிய ஊர் பிஷப் ஆக்லாந்து. டர்ஹம் ஆயரின், அதாவது பிஷப்பின், அரண்மனை இருப்பதால்தான் ஊர்ப்பெயரிலேயே பிஷப் இருக்கிறார். சுற்றிலும் அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். 1879-ல் ஆயராக வந்த லைட்ஃபுட், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டுக் குருத்துவத்துக்குத் தயாராகும் இளைஞர்களைத் தம் அரண்மனையிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் பந்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1886 வாக்கில் கழகம் பிறந்தது இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டின் நிறம் கருநீலம், கேம்பிரிட்ஜின் நிறம் வெளிர்நீலம். ஒரே சட்டையில் ஒரு பாதி அது, மறு பாதி இது. மாணவர்கள் போய்விட்டார்கள், சட்டை ஊரிலேயே நின்றுவிட்டது. இன்றும் அந்தக் கழகத்தை ‘இரட்டை நீலம்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

நான்-லீக் என்ற சொல்லைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரீமியர் லீக்கும் அதற்கு அடுத்த மூன்று டிவிஷன்களும் போக, கீழே அடுக்கடுக்காக இருக்கிற கழகங்கள் எல்லாம் நான்-லீக்தான். அன்று அவற்றில் பெரும்பகுதி அமெச்சூர் கழகங்கள். ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது, பயணச் செலவு மட்டும் வாங்கலாம். ஆட்டம் முடிந்து வந்தால் ஷூவுக்குள் யாரோ ஒரு நோட்டை மடித்து வைத்திருப்பார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்துக் கழகங்களைப் பற்றி நிறையவே உண்டு. எப்படியானாலும் பிழைப்புக்கு வேறு வேலை இருந்தே ஆகவேண்டும். அவர்களுக்கென்று ஒரு கோப்பை இருந்தது, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்திய அமெச்சூர் கோப்பை. பிஷப் ஆக்லாந்து அதை 10 முறை வென்றது. அதற்கு அடுத்து அதிக முறை வென்றவர்கள் 5 முறைதான் வென்றார்கள். இடைவெளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது அவர்கள் தோற்ற ஆண்டுகள். 1949 முதல் இறுதி ஆட்டம் லண்டன் வெம்ப்ளிக்குப் போனது. 1950-ல் பிஷப் ஆக்லாந்து அங்கே 0–4 என்று தோற்றது. தோற்கடித்த வில்லிங்டன், சில மைல் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர். அடுத்த ஆண்டு மறுபடியும் வெம்ப்ளி, மறுபடியும் தோல்வி. எதிரே பெகாசஸ் அணி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சேர்ந்து 1948-ல் தொடங்கிய அணி அது! எந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் நிறத்தை மார்பில் போட்டுக்கொண்டு ஆடினார்களோ, அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளிடமே தோற்றார்கள்.

அப்புறம் 1954. எதிரணி குரூக் டவுன், அதுவும் பக்கத்து ஊர்தான். இரண்டு சிற்றூர்கள் மோதுவதைப் பார்க்க வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். 2–2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2–2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டம். குரூக் ஒரே ஒரு கோலில் வென்றது.

ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று இறுதித் தோல்வி. வேறு கழகமாக இருந்தால் கலைந்து போயிருக்கும். இவர்கள் 1955, 1956, 1957 என்று அடுத்த மூன்று ஆண்டும் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1955 ஜனவரியில், தொழில்முறைக் கழகங்களும் ஆடும் பெரிய எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில், இரண்டாம் டிவிஷனில் ஆடிய இப்ஸ்விச் அணியை மறு ஆட்டத்தில் 3–0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பருவத்தில் பிஷப் ஆக்லாந்துக்கு ஆடிக்கொண்டே செல்சிக்கும் அமெச்சூராக ஆடினார் சீமஸ் ஓகானல். செல்சிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல். செல்சி அந்த ஆட்டத்தில் 5–6 என்று தோற்றது, ஆனால் பருவ முடிவில் முதல்முறையாக லீக் சாம்பியன் ஆனது.

இந்த அணியின் உயிர்நாடி பாப் ஹார்டிஸ்டி. படங்களில் முன்வழுக்கையோடு இருக்கும் நடுக்களக்காரர். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பிரிட்டனுக்கு ஆடியவர். 1948 லண்டன் ஒலிம்பிக் அணியின் மேலாளர் மான்செஸ்டர் யுனைடெட்டின் மாட் பஸ்பி. இருவருக்கும் ஏற்பட்ட நட்பு நிலைத்தது. மியூனிக்கில் பஸ்பி உயிருக்குப் போராடிக் கிடந்தபோது கழகத்தைத் தாங்கியவர் உதவி மேலாளர் ஜிம்மி மர்ஃபி. அவருடைய ரிசர்வ் அணிக்கு உதவ ஹார்டிஸ்டி போனார். வயது 37, ஆட்டத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். இருந்தும் ஷூவை மறுபடி மாட்டினார். அவரோடு டெரெக் லூவின், வாரன் பிராட்லி.

பிராட்லி பள்ளி ஆசிரியர். குட்டையான உருவம், வலது ஓரத்தில் மின்னல் ஓட்டம். உதவிக்கு வந்தவரை யுனைடெட் விடவில்லை, முதல் அணிக்கே எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை அவர் விடவில்லை. வார நாளில் வகுப்பு, சனிக்கிழமை ஓல்ட் ட்ராஃபோர்ட். 1959 மே மாதம் இங்கிலாந்தின் முழு தேசிய அணிக்கு அழைப்பு வந்தது. வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். பின்னாளில் தலைமை ஆசிரியரானார். இந்தக் கழகத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

1974-ல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே எஃப்.ஏ. எடுத்துவிட்டது. கோப்பையும் போயிற்று. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, கூட்டம் குறைந்தது. 1990-களில், காயம்பட்ட எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கால் கழகம் கடனில் சிக்கியது. 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட் வந்து ஒரு நட்பு ஆட்டம் ஆடி, நிதி திரட்டிக் கொடுத்தது. 38 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் மறக்கவில்லை.

பழைய மைதானம் கிங்ஸ்வே. கிரிக்கெட் கழகத்தோடு பங்கிட்டுக்கொண்ட இடம் என்பதால் மூன்று பக்கம்தான் பார்வையாளர்கள் நிற்கலாம், நான்காவது பக்கம் கிரிக்கெட் புல்வெளி. 2001-ல் அதை விட்டு வெளியேறி, சொந்த மைதானம் இல்லாமல் அடுத்தவர் மைதானங்களில் ஆடினார்கள். 2010-ல்தான் ஊர் எல்லைக்குள் ஹெரிடேஜ் பார்க் என்ற புது மைதானம் கிடைத்தது. ஊரில் ஒரு சாலைக்கு பாப் ஹார்டிஸ்டியின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிரீமியர் லீக் முடிவுகளைப் பார்க்கிறவர்கள், பட்டியலில் இன்னும் கீழே, ரொம்பக் கீழே போய், பிஷப் ஆக்லாந்து என்ற பெயரையும் தேடிப் பாருங்கள். நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

நன்றி, வணக்கம்.