அதே தொண்ணூறு, வேறு கிளைடர்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பில் இருந்துகொண்டு கிளைடரைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே சிரித்தார்கள். இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில் பழகியது, இன்னும் விடவில்லை.

கிளைடரும் விமானம்தான், ஆனால் என்ஜின் இல்லை. சிறிய விமானமொன்று ஐம்பது, அறுபது மீற்றர் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போகும். கழற்றிவிட்டால், மணிக்கு 90 கிலோமீற்றரில் அது நன்றாகச் சொல்வழி கேட்கும். 70 அளவுக்குக் குறைந்தால்தான் இறக்கையால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

ஒருநாள் எங்களை இழுத்துப் போனவர் வேகத்தை 90 வரை குறைய விட்டுவிட்டார். அதே 90தான். ஆனால் கையில் பிடித்திருந்த, கிளைடரை ஓட்டும் தடி தொளதொளத்துப் போனது. வலப்பக்கம் தள்ளுகிறேன், இடது இறக்கை தாழ்ந்தே கிடக்கிறது. மூக்கு மேலே பார்க்கிறது, நாங்களோ கீழே போகிறோம். பின்னாலிருந்த பயிற்றுநர் றேடியோவில் "வேகம், வேகம்" என்று கத்தினார்.

கயிறுதான் குழப்புகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பெரிய காரணம் காற்று.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று கூழைக்கடாக்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சற்று ஒதுங்கி, சாய்ந்த வரிசையில் பறக்கும். முன்னால் போவதன் இறக்கை காற்றைக் கீழே அமுக்குகிறது. அந்தக் காற்று நுனிக்கு வெளியே சுருண்டு மேலெழும். பின்னால் வருவது அதில் தொற்றிக்கொள்ளும். 2001 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கூழைக்கடாக்களின் இதயத் துடிப்பையே அளந்தார்கள்: வரிசையில் பறக்கும்போது துடிப்புக் குறைவு.

கிளைடருக்கு ஒதுங்க வழியில்லை, கயிறு நேர் பின்னால் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் இறக்கை 17 மீற்றர், இழுத்ததற்கு 11. ஆக நடுப்பகுதி கீழிறங்கும் காற்றில். இரு நுனிகளிலும் மும்மூன்று மீற்றர் மேலெழும் காற்றில். நடுவில் இழந்த தூக்கலை ஈடுசெய்ய மூக்கை உயர்த்த வேண்டும். உயர்த்தினால், ஏற்கெனவே அடியிலிருந்து காற்று வாங்கும் நுனிகள் தூக்கிப் பிடிக்கக்கூடிய எல்லைக்குப் போய்விடும். சாய்வைத் திருத்தும் மடிப்புகள் இருப்பதும் அந்த நுனிகளில்தான்! முன்விமானம் மெதுவாகப் போகப்போக காற்றை இன்னும் செங்குத்தாக அமுக்கும். பயத்தில் தடியைப் பின்னுக்கு இழுத்தால் நிலைமை மோசமாகும்.

முன்னால் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது, அவருடைய விமானம் 90 இல் சுகமாகப் பறக்கும். அன்று இறங்கிய பிறகு அவர் கேட்டது: "உங்களுக்கு என்ன அவசரம்?"