எஞ்சின் ஓடுகிறது, இழுவை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் ஞாபகம் வருவது காற்று விழுந்துபோகும்போதுதான், இல்லையென்றால் துறைமுக வாய் நெருங்கும்போது. அது காலை வாருவதும் அந்த நேரம் பார்த்துத்தான். ஸ்டார்ட்டே ஆகாத எஞ்சினைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. ஸ்டார்ட் ஆகிறது, சத்தம்கூட ஒழுங்காக இருக்கிறது, ஆனால் லீவரை முழுக்கத் தள்ளினாலும் படகு முன்னேற மாட்டேன் என்கிறது. அந்தக் கோளாறுதான் இன்றைய பேச்சு.

இழுவை குறைந்தது என்றதும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைப் பிரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். 10, 20, 30 குதிரைத்திறன் கொண்ட இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் கோளாறு எஞ்சினுக்குள் இருப்பதில்லை. டீசல் வரும் வழியில் இருக்கும், அல்லது புகை போகும் வழியில், இல்லையென்றால் தண்ணீருக்குள் சுற்றும் ப்ரொப்பெல்லரில். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பது வீண் வேலை.

அதைத் தெரிந்துகொள்ளப் புகை போதும். திறந்த தண்ணீருக்குப் போய், கியரில் போட்டு, லீவரை முழுக்கத் தள்ளுங்கள். பின்பக்கம் குனிந்து புகைக்குழாயைப் பாருங்கள். சுற்று, அதாவது எஞ்சின் சுழலும் வேகம், ஏறாமல் கரும்புகை தள்ளுகிறது என்றால் டீசல் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது எஞ்சின் தாங்காத சுமையை இழுக்கிறது. சுற்று ஏறவில்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதுமான அளவு வரவில்லை. சுற்று நன்றாக ஏறியும் படகு நகரவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள், கியர்பாக்ஸிலும் ப்ரொப்பெல்லரிலும் தேடுங்கள். நீலப்புகை ஆயில் எரிவது; அது தனிக் கதை, ஒரே நாளில் வருவதும் இல்லை.

“துறைமுகத்துக்குள் நன்றாகத்தானே ஓடியது?” என்று எல்லோரும் கேட்பார்கள். ஓடும். இந்த எஞ்சின்களில் இன்ஜெக்ஷன் பம்போடு ஒரு கவர்னர் இருக்கிறது. நாம் லீவரால் சொல்வது வேகத்தை மட்டும்தான்; சுமை ஏறினால் டீசலைக் கூட்டுவது கவர்னர் வேலை. 20 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்கும். மெதுவாகப் போகும்போது 1 லிட்டர்கூட வேண்டாம். பாதி அடைத்த ஃபில்டர் அந்த 1 லிட்டரை நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே போய் அலையை எதிர்த்து 4 லிட்டர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நியூட்ரலில் உறுமவிட்டுப் பார்த்து “எஞ்சின் ஓகே” என்று சொல்வதை நான் நம்பாததும் இதனால்தான்.

டீசல் பக்கம் என்று தெரிந்துவிட்டால், முதலில் லீவரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். ஒருவர் லீவரை முழுக்கத் தள்ளட்டும், இன்னொருவர் எஞ்சின் பக்கத்தில் நின்று, இன்ஜெக்ஷன் பம்ப் மேல் இருக்கும் நெம்புகோல் கை, அதன் எல்லையில் இருக்கும் ஸ்டாப் திருகைப் போய்த் தொடுகிறதா என்று பார்க்கட்டும். கேபிள் உறை கிளிப்பிலிருந்து நழுவியிருந்தால் அந்தக் கை பாதி வழியிலேயே நின்றுவிடும். எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ் சரியாக உள்ளே போகாமல் இருந்தாலும் இதே கதைதான். செலவில்லாத கோளாறு.

அடுத்தது டேங்க். காற்றுப்போக்கிக் குழாய் உப்பாலோ பூச்சிக்கூட்டாலோ அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்போடு மல்லுக்கட்டும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் ஆள் அகப்பட்டுவிட்டார். டேங்க் அடியில் தண்ணீர் நின்றால், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அவை விட்டுப்போகும் கறுத்த கொழகொழப்பு, கடல் அமைதியாக இருக்கும்வரை அடியில் கிடக்கும். படகு ஆடத் தொடங்கியதும் கலங்கி மேலே வந்து முதல் ஃபில்டரை அடைக்கும். உறிஞ்சு குழாயின் முனையில் வலை இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். ஃபில்டரை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது அந்த வலையைத்தான்.

உறிஞ்சும் பக்கத்தில் காற்றுக் கசிவு இன்னும் தொல்லை. அங்கே டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதைப் போல. அதனால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தையே போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும். ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால், சோதனைக்காக மட்டும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் பைப்பை ஓரடி செருகிப் பாருங்கள். முத்து முத்தாகக் குமிழ் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, டேங்க் இருக்கும் மட்டத்திலேயே வையுங்கள். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, பம்பின் பலவீனத்தை மறைத்துவிடும். ஃபீட் பம்புக்குள் போகும் குழாயையும், திரும்பி வரும் குழாயையும் அந்தக் கேனுக்குள் விட்டு, ஏர் எடுத்துவிட்டு, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, கியரில் போட்டு ஓட்டுங்கள். இழுவை திரும்பிவிட்டால் பம்புக்கு இந்தப் பக்கம், அதாவது டேங்க், வால்வு, முதல் ஃபில்டர், குழாய் இவற்றில்தான் கோளாறு. திரும்பவில்லை என்றால் ஃபீட் பம்பையும், எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாவது ஃபில்டரையும் பாருங்கள். கூடவே ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கலாம். அதோடு ஓட்டவே கூடாது.

ஏர் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. எஞ்சின் பிடிக்காமல் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரை அமுக்கினால், குளிரூட்டும் கடல்தண்ணீர் சைலன்சரில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியே தள்ளப் புகை இல்லை. நிரம்பினால் அது சிலிண்டருக்குள் ஏறிவிடும். ஆகவே கடல்தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஸ்டார்ட்டரைத் தொடுங்கள், எஞ்சின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள்.

இனி கரும்புகை. எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல். சுற்று ஏறினால் எஞ்சின் மூச்சுக்குத்தான் திணறியிருக்கிறது. சத்தம் குறைக்க ஒட்டிய பஞ்சு உதிர்ந்து காற்று ஃபில்டரில் அப்பியிருப்பதும் சகஜம்.

அதிலும் மாறவில்லை என்றால் புகைவழி வளைவு. சூடான புகையோடு கடல்தண்ணீர் கலக்கும் அந்த வார்ப்பிரும்புத் துண்டு, உப்பும் கரியும் சேர்ந்து உள்ளுக்குள் தடித்துக்கொண்டே போகும். இரண்டு விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்கூடப் போகாது. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்று இறங்கியிருந்தால் நான் முதலில் கழற்றச் சொல்வது இதைத்தான். ரப்பர் குழாயை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நங்கூரம் போட்டுவிட்டு பேட்டரி சார்ஜ் செய்ய மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிடுகிறவர்களின் எஞ்சினில் இது சீக்கிரம் அடைக்கும், ஏனென்றால் சுமை இல்லாத டீசல் எஞ்சின் சூடேறாமல் கரிதான் கக்கும்.

வளைவும் சுத்தமாக இருந்தால் ப்ரொப்பெல்லர். கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடலுயிர், ஒட்டிய ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாது, கலக்கும். எஞ்சின் சக்தியெல்லாம் அதிலேயே போய்விடும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். கயிறோ வலைத் துண்டோ தண்டில் சுற்றியிருக்கலாம்.

சுற்று ஏறியும் படகு நகராத கேஸில், மடக்கு ப்ரொப்பெல்லர் என்றால் பாசி பிடித்து இதழ் விரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, கியர் கேபிளைக் கழற்றி, கியர்பாக்ஸ் லீவரைக் கையால் தள்ளுங்கள். கேபிளோடு போன தூரத்தைவிடக் கூடுதலாகப் போனால் கியர் முழுக்க விழவில்லை என்று அர்த்தம், கேபிளைச் சரிசெய்தால் போதும். அதே தூரம்தான் போகிறது என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும், கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வணக்கம்.